டிரெட்மில்லில் ஏறிய அக்கா

ஸ்ரீவில்லிபுத்தூர்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நான்கு நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. நேற்று அத்தான் எடுத்தார். "பக்கத்துலதான் இருக்கா, பேச மாட்டேங்கா. ரெண்டு பேருக்கும் என்ன நடந்துச்சுன்னு நீயாவது சொல்லு தாயி" என்றார். உன்னிடம் சொல்லி முடிக்காததை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டாய். கடிதத்தைக் கோபத்தோடாவது படிப்பாய்.

அறிவியல் தினத்தன்று நீ பார்த்தது ஒன்று, நான் பார்த்தது வேறு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் உடற்பயிற்சி உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, டிரெட்மில்லில் ஓடிக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றேன். பிள்ளைகள் எல்லாரும் "காளீஸ்வரி டீச்சர்" என்று கத்தினார்கள். "ஏட்டி, நாப்பத்தொம்பது வயசுக்காரிய ஓடவிட்டு வேடிக்கை பாக்கணுமா" என்று சொல்லிக்கொண்டே நீ ஷூ கயிற்றை இறுக்கினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மாணவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பெல்ட்டின் வேகமும் ஏற்றமும் கூடக் கூட உன் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்கள் உன் காலைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். மூன்றாம் கட்டத்தில் இசிஜி கோடு இறங்க ஆரம்பித்தது. அடுத்த துடிப்பில் ஏறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. எங்கள் சுகாதார மையத்து டாக்டர் தேவஇரக்கம் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். "ஏன் நிறுத்துன?" என்று நீ கேட்டபோது உன் உதடு வெளுத்திருந்தது.

கோடு அப்படி இறங்கினால், ஓடும்போது இதயத் தசைக்குப் போதிய பிராணவாயு கிடைக்கவில்லை என்று பொருள். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பெண்களிடம் இந்தச் சோதனை பல தடவை பொய் சொல்லும் என்று நானே வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் பொய்யா மெய்யா என்று பார்க்காமல் விட முடியாது. மதுரையில் ஓர் இதய மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் ஓடாதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
செல்வி


ராஜபாளையம்
12 மார்ச் 2025

செல்வி,

நான் நன்றாக இருக்கிறேன். நேற்றும் ஓடினேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் நன்றாக இருந்தது, பாடம் நடத்துகிற மாதிரி. ஆனால் அதில் ஒன்றை விட்டுவிட்டாய். என் தலைமையாசிரியைக்கு நீ போன் செய்ததை.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "காளீஸ்வரி, உங்க தங்கச்சியே புரொபசர். அவங்களே உங்களை ஓட விடாதீங்கன்னு சொல்றாங்க. நாளைக்கு கிரவுண்டுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? கோடை முகாமை மாரிசாமி சார் பார்த்துக்கட்டும்" என்றார். மாரிசாமி நல்ல மனிதர்தான். வாலிபால் ஆள். எண்ணூறு மீட்டர் ஓடுகிற பிள்ளையை எங்கே அடக்கி ஓடச் சொல்ல வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மாநிலப் போட்டிக்குப் போகிற மாதிரி ஐந்து பிள்ளைகளை நான் வளர்த்து வைத்திருக்கிறேன். இப்போது நான் அலுவலக அறையில் உட்கார்ந்து கோப்பைக்குப் பாலீஷ் போடுகிறேன்.

மெஷினில் ஏறும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாய். நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். சோதனை முடிவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று அதில் இருந்தது. கீழே உன் கையெழுத்தும் இருந்தது. நீ தங்கச்சியாகப் போன் செய்தாயா, புரொபசராகச் செய்தாயா? தங்கச்சி என்றால் என்னிடம் பேசியிருக்க வேண்டும். புரொபசர் என்றால் யாரிடமும் பேசியிருக்கக் கூடாது.

உனக்கு ஓடுகிறவர்களைப் பிடிக்காது. ஓடுகிறவர்களை அளக்கத்தான் பிடிக்கும். கல்லூரி இரண்டாம் வருடம் ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புத்தகத்துக்குள் போனவள் நீ. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு என்னையும் மைதானத்தில் இருந்து வெளியே கொண்டு வந்துவிட்டாய்.

இங்கே வர வேண்டாம்.

காளீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

தங்கச்சியாகவா, புரொபசராகவா என்று கேட்டாய். இரண்டும் இல்லை. பயந்துபோனவளாகச் செய்தேன். அதனால் அது சரியாகிவிடாது.

நேற்று இரண்டு காரியம் செய்தேன். உன் தலைமையாசிரியைக்குக் கடிதம் அனுப்பினேன். டீச்சரின் சோதனை பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது, நான் பேசியது தவறு, அதை வைத்து அவர் வேலையை மாற்றக் கூடாது, உடம்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவர் மட்டுமே என்று எழுதினேன். பிறகு எங்கள் துறைத் தலைவர் ஞானதுரை சாரிடம் போய் நான் விதியை மீறியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மே மாசம் உனக்கு அசோசியேட் புரொபசர் இன்டர்வியூ இருக்கும்மா. இப்பப் போயி இதை நெறிக் குழுவுக்கு எழுதிக் குடுக்கணுமா? யாரும் புகார் பண்ணலையே" என்றார். முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி நெறிப் பாடத்தை நடத்துவது நான்தான். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனி ஸ்பைக்ஸ் விஷயம். நீ கேட்கவே இல்லை என்பதால் நானும் இத்தனை வருடம் சொல்லவில்லை.

நாம் இரண்டு பேரும் சோழபுரத்தில் ஒரே பானைச் சோற்றைத் தின்றோம், ஒரே கண்மாய்க் கரையில் ஓடினோம். கடைசி நூறு மீட்டரில் என் கால் கல்லாகிவிடும். நீ அப்போதுதான் வேகம் எடுப்பாய். ஏன் என்று கோச்சிடம் கேட்டேன். "மனசுல வீம்பு வேணும் புள்ள" என்றார். வீம்பு எனக்கும் நிறையவே இருந்தது அக்கா. அந்தப் பதில் போதாமல் நூலகத்துக்குப் போனேன். தசைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு புத்தகத்தில் படம் போட்டிருந்தது. அன்று மாலை பயிற்சிக்கு வர மறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஓடுகிறவர்களைப் பிடிக்காமல் போகவில்லை. உன் முதுகைப் பார்த்துப் பார்த்து ஓடியவளுக்கு வந்த சந்தேகம்தான் என் வேலையாகிவிட்டது.

இங்கே சேர்ந்த புதிதில் எனக்கு ஆய்வுக்கூடம் என்று கொடுத்தது ஈட்டியும் ஹர்டிலும் அடுக்கி வைத்திருந்த ஸ்டோர் ரூம். உழைப்பை அளக்கும் ஒரு பழைய சைக்கிள் எர்கோமீட்டர், அதற்கும் ஒரு பெடல் கிடையாது. இன்று அங்கே மாணவர்கள் மூச்சுக்காற்றை அளக்கிறார்கள், ஒருவன் இதயத்தை இன்னொருவன் படித்துச் சொல்கிறான். காலையில் கதவைத் திறக்கும்போது ஒரு நாளும் எனக்குச் சலித்ததில்லை. நீ மைதானத்துக்குள் போகும்போது உன் முகம் எப்படி இருக்குமோ, என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

இங்கே வர வேண்டாம் என்றாய். வரவில்லை. ஆனால் மதுரைக்குப் போ.

செல்வி


ராஜபாளையம்
3 ஏப்ரல் 2025

செல்வி,

போய்விட்டு வந்தேன். உனக்காகப் போகவில்லை. தலைமையாசிரியை உன் கடிதத்தை என்னிடம் நீட்டி, "முகாம் உங்களுதுதான். போதுமா?" என்றார். அதற்குப் பிறகும் போகாமல் இருந்தால் எனக்கே அது வெறும் வீம்பாகத் தெரிந்தது. உன் அத்தானும் காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறுதியா, இல்ல எஞ்சின் ஓடிக்கிட்டே கெடக்கட்டுமா? டீசல் தீருற வரைக்கும் நானும் இங்கனயே நிப்பேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்துப் பார்த்து, எந்த மெஷினும் காத்திருந்தால் ஓடிவிடும் என்று நம்புகிறவர்.

எக்கோ எடுத்தார்கள். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லை. "குழாய் எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டர். கேட்டுக்கொள். உன் மெஷின் பொய் சொல்லியிருக்கிறது. இதை உன் வகுப்பிலும் சொல்.

வேறொன்றும் பெரிதாக இல்லை. ரத்தம் கொஞ்சம் குறைவு, ஏழோ என்னவோ போட்டிருக்கிறது, பெண்கள் டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் எந்தப் பொம்பளைக்கு ரத்தம் நிறைந்து வழிகிறது? பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.

முகாம் அடுத்த வாரம் தொடங்குகிறது. பிள்ளைகள் ஆட்டம் போடுகிறார்கள். மாரிசாமி சார் என்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறார், பாவம்.

நெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதைச் செய்திருக்க வேண்டாம். ஆனாலும் செய்துவிட்டாய். சரி.

காளீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

குழாய் சுத்தம் என்ற வரியைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாணவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஃபேனைப் போட்டார்கள்.

பிறகு அடுத்த பத்தியைப் படித்தேன். ஏழோ என்னவோ என்று எழுதியிருக்கிறாய். ஹீமோகுளோபின் ஏழு என்றால் உன் உடம்பில் இருக்க வேண்டியதில் கிட்டத்தட்டப் பாதி. பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போவது அதுதான். சுமக்க ஆள் பாதியாகிவிட்டால் இதயம் இரண்டு மடங்கு அடித்து ஈடுகட்டப் பார்க்கும், முடியாத இடத்தில் திணறும். திரையில் கோடு இறங்கியது அதனால்தான் இருக்கும். மெஷின் பொய் சொல்லவில்லை அக்கா. நான்தான் வேறு பக்கம் தேடினேன். நீ பாதி ரத்தத்தோடு மூன்றாம் கட்டம் வரை ஓடியிருக்கிறாய். என் வகுப்பில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

ஓட்டப் பயிற்சி செய்யும் பெண்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளில் மாதவிலக்கு பற்றி ஒரு பக்கம் உண்டு. அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் பையன்கள் நின்றதால் அந்தப் பக்கத்தைக் கேட்காமல் புரட்டிவிட்டேன். அக்காதானே, தெரியாததா என்றும் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் உன்னைப் பற்றி எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது. சின்ன வயதிலிருந்து நாம் அதைப் பேசியதே இல்லை.

இப்போது கேட்கிறேன். அதிகமாகப் போகிறதா? எவ்வளவு காலமாக?

பேரீச்சம்பழத்தால் ஏழு பன்னிரண்டு ஆகாது. ஏப்ரல் வெயிலில் மைதானத்தில் ஓடாதே. நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊது. இந்தத் தடவை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

செல்வி


ராஜபாளையம்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள செல்வி,

இந்தத் தாளை இரண்டு தடவை கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். புது வருடப் பிறப்பு, லீவு. அத்தான் கடைக்குப் போயிருக்கிறார்.

ஒன்றரை வருடமாக இருக்கிறது. மாதத்தில் பாதி நாள். முதலில் வயசு, நிற்கப் போகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பிறகு கறுப்பு டிராக் பேன்ட் நான்கு வாங்கினேன். மைதானத்தின் நடுவில் நிற்பதை விட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கமாக நிற்கப் பழகிக்கொண்டேன். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கும். பிள்ளைகள் முன்னால் மட்டும் எப்படியோ ஓடிவிடுவேன், பிறகு வீட்டுக்கு வந்து தரையில் படுப்பேன். அத்தானிடம் வெயில் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வெட்கத்தால் என்று நினைக்காதே. இருபத்தாறு வருடமாக நான் வீடு வீடாகப் போய் "உங்க பிள்ளைய ஓட விடுங்க" என்று கேட்கிறவள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான். "பொம்பளப்பிள்ள அம்புட்டு ஓட்டம் ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும் டீச்சர்." நான் என்னைக் காட்டித்தான் பேசுவேன். "என்னயப் பாருங்க, ஓடிக்கிட்டுத்தான இருக்கேன்? எனக்கு என்ன ஆச்சு?" என்பேன். இப்போது எனக்கே அங்கேதான் கோளாறு என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் மைதானம் காலியாகிவிடும்.

அதனால்தான் நீ மெஷினை நிறுத்தியபோது அத்தனை கோபம் வந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டார்களே என்று.

நீ இவ்வளவு படித்திருக்கிறாய். எனக்கு இரண்டு கேள்வி. ஓடி ஓடித்தான் இது வந்ததா? கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், எடுத்த பிறகு ஓட முடியுமா? மழுப்பாமல் எழுது. எனக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்பதற்காக எதுவும் எழுதாதே.

காளி அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
17 ஏப்ரல் 2025

அக்கா,

ஓடியதால் வரவில்லை. கட்டியாக இருக்கலாம், ஹார்மோன் மாற்றமாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆனால் ஓட்டத்தால் கர்ப்பப்பை கெடும் என்பதற்கு நான் படித்தவற்றில் எங்கேயும் ஆதாரம் கிடையாது. இது தைரியத்துக்குச் சொல்வதில்லை.

எடுத்த பிறகு ஓட முடியும். ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை மாதத்தில், எந்த வேகத்தில் என்று எனக்குத் தெரியாது. அதை ஆறுகிற புண்ணும் ஏறுகிற ரத்தமும்தான் முடிவு செய்யும். மருந்திலேயே சரியாகவும் வாய்ப்பு உண்டு. அதை டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும்.

வர வேண்டாம் என்று சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வாசலில் வைத்துத் திட்டு, பரவாயில்லை. அத்தானிடம் நீயே சொல்லிவிடு. அவர் வெயிலை நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செல்வி


ராஜபாளையம்
20 ஜூன் 2025

அன்புள்ள செல்வி,

நீ ஊருக்குத் திரும்பிப் பத்து நாளில் எனக்குக் கடிதம் எழுதும் ஆசை வந்துவிட்டது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தையல் வலிக்கா" என்று மூன்று கேள்வி கேட்டு வைத்துவிடுகிறாய். தாளில்தான் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் மனுஷிகளாகப் பேசுகிறோம்.

நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நம்பலாம். ஆபரேஷன் தையல் காய்ந்துவிட்டது. டாக்டரம்மா காட்டிய கட்டி என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நம் ஊர் சப்பட்டை மாம்பழம் அளவுக்கு ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டா நான் பிள்ளைகளோடு ஓடினேன்? ரத்தம் ஏற்றிய மறுநாள் காலையில் ஜன்னலைப் பார்த்தபோது வெளிச்சம் அதிகமாக இருந்த மாதிரி தெரிந்தது. உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாய்.

அத்தான் சமைக்கிறார். எல்லாக் குழம்பும் ஒரே ருசி. குறை சொன்னால், "டாக்டரு காரம் வேண்டாம்னுருக்காவ" என்கிறார். ஒன்றரை வருடம் நான் சொல்லாததைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டார். "எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று முனீஸ்வரி வந்தாள். நம் எண்ணூறு மீட்டர் பிள்ளை இருக்கிறாளே, அவளுடைய அம்மா. ஸ்பின்னிங் மில்லில் வேலை. கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கட்டிலோரம் உட்கார்ந்து, சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியும், அந்தக் கேள்வி வரப் போகிறது என்று.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. ஓட்டத்தாலதான வந்துச்சு?"

"யாரு சொன்னா?"

"தெருவுல எல்லாரும் சொல்லுதாவ. எம்பிள்ளைய நிப்பாட்டிருன்னு அவ அப்பாவும் சொல்லுதாரு."

நான் மறைக்கவில்லை. கட்டி இருந்தது, கர்ப்பப்பையோடு எடுத்துவிட்டார்கள், ஒன்றரை வருடம் ரத்தம் போனது, யாரிடமும் சொல்லாமல் இருந்தது என் மடத்தனம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று உன் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். அவள் சேலை நுனியை விட்டாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் போகுது டீச்சர். ரெண்டு வருசமா. மெஷின்கிட்ட நிக்கயில கண்ணு இருட்டிக்கிட்டு வரும். நான் ஒரு நாளும் ஓடுனதே இல்லியே" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரித்தால் தையல் வலிக்கும், இருந்தாலும் சிரித்தேன். வருகிற புதன்கிழமை அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். பிள்ளை நாளைக்கு மைதானத்துக்கு வருவாள்.

இன்டர்வியூ என்ன ஆயிற்று? ஆஸ்பத்திரியில் நீ எனக்குத் துணை இருந்தபோது கேட்டால் பேச்சை மாற்றினாய்.

காளி அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உத்தரவு இன்று கைக்கு வந்தது. நான் அசோசியேட் புரொபசர். அதற்குக் காத்திருந்துதான் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கிடைக்கவில்லை என்றால் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன்.

இன்டர்வியூ மே மாதத் தொடக்கத்தில், உன் ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் நடந்தது. பேச்சை மாற்றியதற்குக் காரணம், அது நன்றாகப் போகவில்லை என்று நினைத்தேன். நான் எழுதிக் கொடுத்த தாள் அவர்கள் முன்னால் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா, "உங்கள் மேல் யாரும் புகார் சொல்லவில்லை. பிறகு ஏன் எழுதிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். "சோதனைக்கு வந்தவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை" என்றேன். அது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நெறிக் குழு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அதையும் ஃபைலில் வைத்திருக்கிறேன். பதவி உத்தரவுக்கு அடுத்த தாள் அதுதான்.

அடுத்து என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது, அதுவரை யோசிக்காத ஒன்று வாயில் வந்தது. நம் மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியைகள். அவர்கள் எல்லாரும் மற்றவர்களை ஓட வைக்கிறவர்கள். அவர்களுடைய ரத்த அளவு என்ன, மூச்சு எப்படி இருக்கிறது, எதை மறைத்துக்கொண்டு மைதானத்தில் நிற்கிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்களைப் பற்றி ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஞானதுரை சார் திட்டத்தைப் படித்துவிட்டு, "இதை ஏன் நாம இத்தனை வருசமா பண்ணலை?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மில் பெண்களையும் சேர்க்கலாம் என்று முனீஸ்வரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு தோன்றியது. அது இரண்டாம் பகுதி.

ஒன்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. எம்.பி.எட். முதல் வருட வகுப்பில் ரத்தமும் பிராணவாயுவும் என்ற பாடம் வருகிறது. நீ வந்து பேசுவாயா? ஆண்பிள்ளைகளும் இருப்பார்கள். படம் போட்டு நான் நடத்திவிடுவேன். ஆனால் நாளைக்கு இவர்கள் எல்லாரும் பள்ளிகளில் விசில் ஊதப் போகிறவர்கள். தன் முன்னால் மூச்சு வாங்கி நிற்கும் ஒரு பெண்ணிடம் எதைக் கேட்க வேண்டும் என்று படம் சொல்லாது.

நேற்று மாலை செண்பகத்தோப்புப் பக்கம் நடக்கப் போனேன். மழை பெய்து மலை கழுவி விட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் ஓடினேன். உன்னிடம்தான் சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதே.

செல்வி


ராஜபாளையம்
19 ஜனவரி 2026

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு நீ வந்து போனபோது பேச நேரமே இல்லை. வீடு நிறைய ஆள். அதனால் இது.

உன் வகுப்பைப் பற்றி முதலில். அக்டோபரில் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்தேன். நான் பேச ஆரம்பித்ததும் பையன்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். எத்தனை மைதானம் பார்த்திருக்கிறேன், கூட்டத்தைப் பிடிக்கத் தெரியாதா எனக்கு? "ஏலே, நிமிந்து பாருங்கலே, கால்ல சுளுக்குன்னா இப்படியா குனிஞ்சுக்கிடுவியோ" என்றேன். அப்புறம்தான் சிரித்தார்கள், நிமிர்ந்தார்கள். நீ பின்பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். என்ன எழுதினாய் என்று இன்றுவரை சொல்லவில்லை.

முடிந்த பிறகு ஒரு பையன் படிக்கட்டு வரை கூடவே வந்தான். வத்திராயிருப்புப் பக்கம், பிளவக்கல் போகிற வழியில் அவன் ஊர். "எங்கம்மாவுக்கும் எப்பவும் மூச்சு வாங்கும் மேடம். இதை நான் எப்படி அவங்ககிட்டக் கேக்க?" என்றான். "சாப்பிடும்போது கேக்காத. அவ பாத்திரம் வெளக்கும்போது நீயும் பக்கத்துல உக்காந்து வெளக்கு. பொறவு கேளு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். கேட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பாத்திரமாவது விளக்கியிருப்பான்.

உன் ஆராய்ச்சிக்கு நம் ஆசிரியைகள் வர ஆரம்பித்துவிட்டதைக் கேள்விப்பட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து ஒருத்தி எனக்கே போன் செய்து, "அக்கா, அந்த மெஷின்ல ஏறுனா பயமா இருக்குமா?" என்று கேட்டாள். "ஏறும்போது இருக்காது, எந்தங்கச்சி நிறுத்துனாத்தான் பயம்" என்று சொல்லியிருக்கிறேன். முனீஸ்வரிக்கு மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. கண் இருட்டுவதில்லையாம். மில்லில் இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள்.

இப்போது நேற்றைய விஷயம். விருதுநகரில் மூத்தோர் தடகளம் நடந்தது. உன்னிடம் சொல்லாமல் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தேன். சொன்னால் நீ கையில் ஒரு கருவியோடு வந்து நிற்பாய். டாக்டரம்மா ஓடலாம் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தேன், பயப்படாதே. ரத்தம் பன்னிரண்டரை.

முதல் சுற்றில் எனக்கு நடுக்கம்தான். நெஞ்சு எப்போது படபடக்கும், கண் எப்போது மங்கும் என்று அதையே எதிர்பார்த்துக்கொண்டு ஓடினேன். வரவில்லை. இரண்டாவது சுற்றில் சிவகாசிக்காரி ஒருத்தி என்னைத் தாண்டினாள். மூன்றாவதில் இன்னொருத்தி. ஒரு காலத்தில் இவர்களை எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடியவள் நான். போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் முதுகில் இதமாக இருந்தது. அத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு கூடவே நடந்து வந்தார். கைதட்டவில்லை, முகம் மட்டும் என் கூடவே வந்தது.

ஐந்தாவதாக வந்தேன். ஓடியவர்கள் ஏழு பேர்.

கோட்டைத் தாண்டியதும் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். கால் வலித்தது. தொண்டை காய்ந்தது. மூச்சு பெரிது பெரிதாக வந்தது, ஒவ்வொன்றும் உள்ளே அடி வரைக்கும் போய்த் திரும்பியது. ஒரு வாலன்டியர் பெண் ஓடி வந்து, "மேடம், என்ன செய்யுது?" என்றாள். எனக்கு என்ன செய்கிறது என்று நானே கொஞ்சம் நின்று பார்த்தேன் செல்வி. ஒன்றும் செய்யவில்லை. ஓடியிருக்கிறேன், களைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா, ஓடியதற்காக மட்டும் களைத்து?

அவளிடம், "நல்லாருக்கேன் தாயி, தண்ணி மட்டும் குடு" என்றேன்.

உன்
காளி அக்கா